விசிலிங் த்ரஷ் தேடி மலைக்குப் போற யாழ்ப்பாண ஆக்கள் திரும்பத் திரும்பக் கேக்கிற கேள்விகள்

வருசத்தில ரெண்டு மூண்டு தரம் நான் நுவரெலியாப் பக்கம் குருவி பாக்கப் போறது இஞ்ச கனபேருக்குத் தெரிஞ்சு போச்சு. அதால பள்ளிக்கூட லீவு கிட்ட வந்தாக் காணும், போன் அடிக்கத் தொடங்கிடும், எல்லாரும் கேக்கிறது ஒரே கேள்விதான், ஒரே பிழையைத்தான் விட்டுப்போட்டும் வருவினம். ஒவ்வொருத்தருக்கும் வொய்ஸ் போட்டுப் போட்டு அலுத்துப் போனன், அதான் எல்லாத்தையும் ஒரு இடத்தில எழுதி வைக்கிறன். நான் பறவை படிச்ச ஆள் இல்லை, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில சின்னதா ஒரு ஸ்பெயார் பார்ட்ஸ் கடை வச்சிருக்கிறன். போய் நிண்டு, குளிரில கொடுகி, காணாமத் திரும்பி வந்து பழகினதுதான் இது எல்லாம். கேள்வியளைக் கேட்டவை கேட்ட மாதிரியே போட்டிருக்கிறன்.

இது என்ன குருவி அண்ணை, இதுக்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்?

இலங்கை விசிலிங் த்ரஷ். உலகத்தில இலங்கையில மட்டும்தான் இருக்கு, அதிலயும் நடு மலைநாட்டுக் காட்டுக்குள்ள மட்டும், கிட்டத்தட்ட 900 மீற்றருக்கு மேல. ஓடையும் பாசியும் நிழலும் இருக்கிற இடம்தான் அதுக்கு வேணும். இருட்டோட இருட்டா நிக்கிற வெக்கக் குருவி, எண்ணிக்கையும் குறைவு, காடு துண்டு துண்டாப் போனதால அழியிற ஆபத்தில இருக்கிற பட்டியல்லயும் நிக்குது. இலங்கைக்கே உரிய குருவியள் முப்பதுக்கு மேல இருக்கு, பட்டியல் போட்டுப் பாக்கிறவைக்குக் கடைசியா இழுபடுறதில இது ஒண்டு.

வெள்ளைக்காரர் இதைப் பேர் வச்சு எழுதினது 1872இல, எழுதினவர் ஹோல்ட்ஸ்வேர்த். விஞ்ஞானப் பேரில வாற 'பிளைகி' எண்டது சாமுவேல் பிளை எண்ட கோப்பித் தோட்டத் துரையின்ர பேர். அதுக்கு மூண்டு வருசம் முன்னம், 1869இல தான் கோப்பி இலைக்குத் துருநோய் வந்து தோட்டங்கள் படுக்கத் தொடங்கினது, பேந்து அந்த இடமெல்லாம் தேயிலை. கோப்பிக்காகக் காட்டை வெட்டின ஆக்களில ஒருத்தரின்ர பேரைத்தான் அந்தக் காட்டுக் குருவி இண்டைக்கும் சுமந்துகொண்டு திரியுது, பாவம்.

தமிழில என்னெண்டு சொல்லுறது?

தமிழ்நாட்டில இதின்ர சொந்தக்காரக் குருவி ஒண்டை சீகாரப் பூங்குருவி எண்டு சொல்லினம், அதைப் பாத்து நான் இதைச் சீழ்க்கைப் பூங்குருவி எண்டு எழுதுறனான். கதைக்கேக்க 'விசில் குருவி' எண்டாலே எங்கட குறூப்பில விளங்கும். சிங்களத்தில 'அரங்கயா'. அது முந்தி இதுக்கு இருந்த விஞ்ஞானப் பேர் 'அரெங்கா'வில இருந்து வந்தது. அந்தச் சொல்லை ஞாபகம் வச்சிருங்கோ, கீழ இடம் சொல்லேக்க வரும்.

யாழ்ப்பாணத்தில பாக்கவே ஏலாதோ? கீரிமலைப் பக்கம் பத்தையளுக்க நிக்காதோ?

கீரிமலையில கீரி நிண்டாலும் நிக்கும், மலை எங்க நிக்குது? பேரில மட்டும்தான் மலை. எங்கட குடாநாடு முழுக்கத் தட்டை, இந்தக் குருவி மலையை விட்டுக் கீழ இறங்காது, இடம்பெயர்ந்து வாற சாதியும் இல்லை. சரசாலைக் குருவிக்காடு, மண்டைதீவு ரோட்டு, தொண்டைமானாறு எல்லாம் நல்ல இடம், ஆனா அது நீர்ப்பறவைக்கு. இதுக்கு பஸ் ஏறத்தான் வேணும்.

எப்பிடி இருக்கும்? சுருக்கமாச் சொல்லுங்கோ, எனக்கு மண்டைக்க நிக்கோணும்.

காலமை எங்கட மதில்ல வந்திருந்து வாலைத் தூக்கிப் பாடுற கறுப்பு வெள்ளைக் குண்டுக்கரிச்சான் தெரியும்தானே, அந்த அளவுதான், ஒரு 20 சென்ரிமீற்றர். ஆண் கருநீலம், தலை கறுப்பு, தோள்மூட்டில மட்டும் மினுங்கிற நீலத் திட்டு. சொண்டும் கறுப்பு, காலும் கறுப்பு. பெண் மண்ணிறம், தோளில நீலம் கொஞ்சம் இருக்கும், ஆனா மங்கல். இளசுகளும் பெண்ணைப் போலத்தான் மண்ணிறமா இருக்கும்.

சொண்டும் காலும் கறுப்பு. இதை ஒரு கொப்பியில எழுதி வையுங்கோ, அடுத்த கேள்விக்கு இதுதான் மறுமொழி.

நான் நுவரெலியாவில ஹோட்டல் முற்றத்திலயே கண்டனான், கறுப்பா, நல்ல மஞ்சள் சொண்டோட, புல்லுக்க புழு பிடிச்சுக்கொண்டு நிண்டது. அதுதானே?

இல்லை. வருசத்துக்கு ஒரு பத்துப் படமாவது எனக்கு இப்பிடி வரும், "அண்ணை கண்டுட்டன்" எண்டு. அது பிளாக்பேர்ட். கரும்சாம்பல் உடம்பு, மஞ்சளும் செம்மஞ்சளும் கலந்த சொண்டு, அதே நிறத்தில கால், கண்ணைச் சுத்தி மஞ்சள் வளையம். மலைநாட்டுத் தோட்டம், பூங்கா, காட்டுக்கரை எல்லா இடமும் நிக்கும், பின்னேரத்தில மர உச்சியில ஏறி நிண்டு நல்ல வடிவாப் பாடும். பாட்டைக் கேட்டிட்டு "விசிலடிச்சுது, அப்ப விசில் குருவிதான்" எண்டு சொல்லுற ஆக்களும் இருக்கினம்.

பிளாக்பேர்ட் கண்டதும் கெட்டது இல்லை, அதுவும் மலையில மட்டும் இருக்கிற குருவிதான். ஆனா விசிலிங் த்ரஷ் ஹோட்டல் புல்லுக்க வந்து உங்களுக்கு முன்னால உலாவாது. வெளிச்சமான வெளியில, சனத்துக்கு முன்னால, ஆறுதலா நிண்டு காட்டின கறுப்புக் குருவி எண்டாலே முதல்ல சந்தேகப்படுங்கோ.

சத்தம் எப்பிடி? யூடியூப்பில ஒரு சின்னப் பொடியன் வழி நெடுக விசிலடிச்சுக்கொண்டு போற மாதிரிக் கேட்டன், அதுதானோ?

அது இந்தியாவில மேற்குத் தொடர்ச்சி மலையில இருக்கிற மலபார் விசிலிங் த்ரஷ், நான் மேல சொன்ன சீகாரப் பூங்குருவி. ஊட்டி, வால்பாறைப் பக்கம் போன சொந்தக்காரர் அனுப்புற வீடியோவில பின்னால கேக்கிறதும் அதுதான். இலங்கையில அது இல்லை. அந்தப் பாட்டை மனசில வச்சுக்கொண்டு ஹோட்டன் சமவெளியில நிண்டீங்களெண்டா எங்கட குருவி காதுக்குள்ள வந்து கத்தினாலும் விடுவீங்கள்.

எங்கட குருவியின்ர சத்தம் மெல்லிசு, சரியான கூர், "ஸ்ரீ... ஸ்ரீ..." எண்டு ஊசியால கீறின மாதிரி. பழைய சைக்கிள் பிரேக் கட்டை தேய்ஞ்சு றிம்மில முட்டேக்க ஒரு கிறீச் வருமே, அதை எட்டத்தில இருந்து கேட்டா எப்பிடியோ அப்பிடி. ஓடைத்தண்ணி இரைச்சலுக்கு மேலால கேக்க வேணுமெண்டுதான் இவ்வளவு கூரா இருக்கு எண்டு நான் நினைக்கிறன், தண்ணிச் சத்தம் கனம், இது அதுக்கு மேல தனியா வெட்டிக்கொண்டு வரும். பாட்டு எண்டும் ஒண்டு இருக்கு, ஆனா அது மெதுவான சத்தம், கிட்ட நிண்டால்தான் கேக்கும். நீங்கள் பழக வேண்டியது அந்தக் கூர் விசிலைத்தான். போறதுக்கு முன்னம் ஒரு கிழமை, ஒவ்வொரு நாளும் ரெண்டு தரம் வீட்டில போட்டுக் கேளுங்கோ.

சரி, எங்க போய் நிக்கிறது?

ஹோட்டன் சமவெளிதான் முதலிடம். 2,000 மீற்றருக்கு மேல, 1988இல தேசிய பூங்காவாக்கினது. பட்டிபொலப் பக்கத்தால ஏறேக்க ரோட்டுக்கரையில மரம் மூடின சின்னக் குட்டை ஒண்டு இருக்கு, அரெங்கா பூல் எண்டு சொல்லுவினம். பேரைப் பாத்தீங்களோ, குருவியின்ர பழைய பேர்தான் குட்டைக்கு. நுவரெலியாவில இருந்து 30 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட, அம்பேவெல தாண்டிப் போகோணும். பட்டிபொல ரெயில் ஸ்ரேசன்தான் இலங்கையிலயே ஆக உயரமான ஸ்ரேசன், அதைக் கண்டா சரியான பாதையில போறீங்கள்.

இதுக்குள்ள ஒரு முசுப்பாத்தி இருக்கு. விடியப்பறம் வாற வான் எல்லாம் 'உலக முடிவு' எண்ட மலை விளிம்பைப் பாக்கத்தான் பறக்கும், முகில் மூட முன்னம் போய்ச் சேரோணும் எண்டு. அந்தக் குட்டையடியால ஒரு இருவது வான் புழுதி கிளப்பிக்கொண்டு போகும், ஒருத்தரும் திரும்பியும் பாக்காயினம். குருவி ரோட்டில இருந்து ஒரு கல்லெறி தூரத்தில நிக்கும்.

இது தவிர ஹக்கல, நக்கிள்ஸ், சிவனொளிபாத மலைக் காடு எல்லா இடமும் இருக்கு. ஆனா முதல் தரம் போறவை குட்டையடியை விட்டிட்டு வேற இடம் தேடவேண்டாம். நக்கிள்ஸுக்கு மழைக் காலத்தில போறவை அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் கொண்டு போங்கோ. மலையில மண்சரிவு வந்தா ரோட்டும் ரெயிலும் நிண்டிடும், வெளிக்கிட முன்னம் ஒருக்கா விசாரியுங்கோ.

எத்தினை மணிக்கு நிக்கோணும்? ஒன்பது மணி போலச் சாப்பிட்டிட்டுப் போனாக் காணாதோ?

காணாது. ஒன்பது மணிக்கு அது காட்டுக்குள்ள போய் மறைஞ்சிடும். விடியக் கருக்கலும் பின்னேர மம்மலும்தான் அதின்ர நேரம். ஒவ்வொரு தரமும் ஒரு அரை மணித்தியாலம், கூடினா முக்கால். இதுக்குள்ள ஓடைக்கரைக்கு வந்து இலையைக் கிளறிப் பூச்சி, நத்தை, சின்னத் தவளை, பல்லி எண்டு பிடிச்சுச் சாப்பிடும். முகில் மூடி இருட்டா இருக்கிற நாளில கொஞ்சம் கூட நேரம் நிக்கும், அதால மழைக்குணம் எண்டு சொல்லி ஹோட்டல்ல படுக்காதேங்கோ.

நுவரெலியாவில தங்கினா நாலரைக்கு வெளிக்கிடோணும். பூங்கா வாசல்ல ரிக்கெற் எடுக்க வரிசை நிக்கும், அங்க பொலித்தீன் பாப்பினம், தண்ணிப் போத்தல் லேபிளைக்கூட உரிச்சு எடுப்பினம். லஞ்ச் ஷீற்றில இடியப்பம் சுத்திக்கொண்டு போய் வாசல்ல நிண்டு அவிழ்த்துக்கொண்டிருந்தா குருவின்ர நேரம் அதுக்குள்ள முடிஞ்சிடும். சாப்பாட்டுப் பெட்டியில கொண்டு போங்கோ.

எந்த மாசம் திறம்?

வருசம் முழுக்க அங்கயேதான் நிக்கும், ஒரு சோடி ஒரு ஓடைத் துண்டைப் பிடிச்சுக்கொண்டு இருக்கும். ஆனா தையில இருந்து வைகாசி வரைக்கும் கூடு கட்டுற காலம், சத்தம் கூட. தை கடைசியில இருந்து பங்குனி வரைக்கும் மழையும் குறைவு, நான் போறது மாசி. குளிர் எண்டா சொல்லி வேலை இல்லை, சில விடியல்ல புல்லில உறைபனி வெள்ளையாக் கிடக்கும், எங்கட மார்கழிக் குளிருக்குப் போடுற சுவெற்றர் அதுக்குக் காணாது.

அங்க போய் சும்மா நிக்கிறதோ, இல்லைத் தேடித் திரியிறதோ?

சும்மா நிக்கிறது. இதை விளங்கப்படுத்தத்தான் எனக்கு ஆகலும் கஷ்டம், ஏனெண்டா எங்கட ஆக்களுக்கு சும்மா நிக்க வராது. தேடித் திரிஞ்சா நீங்கள் கால் வைக்க முன்னம் அது போயிடும். தண்ணிக்குக் கிட்டப் போகாமல், ரோட்டுக்கரையில ஒரு மரத்தோட ஒட்டிக்கொண்டு நில்லுங்கோ, கதைக்காதேங்கோ, ரோச் லைற்றை நிப்பாட்டுங்கோ. முதல்ல காது. விசில் கேட்ட திசையை மட்டும் பாருங்கோ. பேந்து ஓடைக்கு மேலால சாய்ஞ்ச கிளை, பாசி மூடின கல்லு, விழுந்த மரக்குத்தி, இந்த மூண்டையும் மாறி மாறிப் பாருங்கோ, நிலத்தில இருந்து உங்கட நெஞ்சளவு உயரத்துக்குள்ள. அண்ணாந்து பாக்க வேண்டாம்.

நான் முதல் முதல் கண்டது மூண்டாம் தரம் போகேக்க. ரெண்டு விடியல் வீணாப் போய், அண்டைக்கும் ஒண்டும் இல்லையெண்டு வானுக்கு வந்து பிளாஸ்கைத் திறந்து தேத்தண்ணி ஊத்தினன், மூடி கைவிரலில ஒட்டின மாதிரிக் குளிர். வான் ஓடின தம்பி நானுஓயாப் பக்கத்துத் தோட்டப் பொடியன், அவன் என்ர கையைப் பிடிச்சு மெதுவா "சார், பேசாதீங்க, தண்ணிக்கு மேல பாருங்க" எண்டான். பாசிக் கிளையில ஒரு கறுப்புக் கட்டி. அவ்வளவுதான் தெரிஞ்சுது. பேந்து அந்தக் கட்டி வாலை ஒருக்கா விசிறி மாதிரி விரிச்சு மூடிச்சுது, கல்லுக்குத் தத்திச்சுது, என்னத்தையோ கொத்தி எடுத்துது, போயிட்டுது. ஒரு பத்துச் செக்கன். தேத்தண்ணி முழுக்க என்ர காற்சட்டையில.

நானும் அப்பிடித்தான் கண்டனான், ஆனா நீல நிறமே தெரியேல்லையே. அப்ப வேற குருவியோ?

இல்லை, அதேதான். ரெண்டு காரணம். முதலாவது, தோளில இருக்கிற அந்த நீலம் சாயம் மாதிரி இறகில ஊறின நிறம் இல்லை, இறகின்ர நுண்ணிய அமைப்பில வெளிச்சம் பட்டுத் தெறிக்கிறதால வாற நிறம், மயில் கழுத்து மாதிரி. வெளிச்சமும் கோணமும் சரியா விழுந்தால்தான் மினுங்கும், இல்லாட்டிக் கறுப்பு. ரெண்டாவது, மம்மலுக்க எங்கட கண்ணுக்கே நிறம் பிரிக்க ஏலாது. இருட்டில வேலை செய்யிற கண்ணணுக்கள் வேற, நிறம் பாக்கிறவை வேற. விடியப்பறம் உங்கட சிவப்புச் சுவெற்றரும் கறுப்பாத்தானே தெரியுது.

அதால நீலத்தைத் தேடாதேங்கோ. முதல்ல சத்தம், பிறகு இடம், பிறகு அளவு, பிறகு கறுப்புச் சொண்டு. நீலம் கிடைச்சா அது போனஸ். மாறி, பட்டப்பகல்ல பளிச்செண்டு நீலமா ஒரு சின்னக் குருவி கிளையில நிமிர்ந்து இருந்து காட்டினா, அது அநேகமா டல் ப்ளூ ஃப்ளைகேச்சர் எண்ட ஈபிடிப்பான், அதுவும் எங்கட நாட்டுக்கே உரியது, ஆனா நல்லாச் சின்னன்.

என்ன பைனாகுலர் வாங்கலாம்? மச்சான் கனடாவில இருந்து 10×25 ஒண்டு அனுப்பினவன், அது காணுமோ?

பகலில கடற்கரையில பூநாரை பாக்கக் காணும். இதுக்குக் காணாது. முதல் இலக்கம் எத்தினை மடங்கு பெருப்பிக்கும் எண்டது, ரெண்டாவது முன் கண்ணாடியின்ர அகலம், மில்லிமீற்றரில. ரெண்டாவதை முதலாவதால பிரியுங்கோ. 25ஐ 10ஆல பிரிச்சா 2.5, அந்த அளவு அகலத்துக்குத்தான் வெளிச்சக் கற்றை உங்கட கண்ணுக்கு வரும். 8×42 எண்டா 5.25. இருட்டில கண்மணி அகலமா விரிஞ்சு வெளிச்சத்துக்குக் காத்துக்கொண்டிருக்கேக்க 2.5ஐக் குடுத்தா கறுப்புக்குள்ள கறுப்புத்தான் தெரியும். கனபேர் 'பத்து பெரிசு, எட்டு சின்னன்' எண்டு நினைச்சு ஏமாறினம். மச்சான்ர மனம் நோகவேண்டாம், அதையும் கொண்டு போங்கோ, ஆனா 8×42 ஒண்டை ஆரிட்டையும் இரவல் கேளுங்கோ.

போனில அதின்ர சத்தத்தைப் போட்டா ஓடி வருமாமே, உண்மையோ?

வரும். அதுதான் பிரச்சினை. தன்ர ஓடைத்துண்டுக்க வேற ஆண் பூந்திட்டுது எண்டு நினைச்சு சண்டைக்கு வரும். ஒரே குட்டையடியில ஒவ்வொரு நாளும் பத்துப் பேர் போட்டா அது சாப்பிடுற அந்த அரை மணித்தியாலமும் இல்லாத எதிரியைத் தேடுறதிலயே போயிடும். கூடு கட்டுற காலத்தில இது பெரிய அநியாயம், முட்டையும் ஒண்டு ரெண்டுதான் இடுறது. நான் போடுறதில்லை, என்னோட வாறவையையும் போட விடுறதில்லை. இதில ஒருத்தர் கோவிச்சுக்கொண்டு குறூப்பை விட்டும் போட்டார், போகட்டும்.

மண்ணிறமா ஒண்டு நிலத்தில இலை கிளறிக்கொண்டு நிண்டது. பெண் விசிலிங் த்ரஷ் தானே?

இருக்கலாம், ஆனா அவசரப்படாதேங்கோ, இதில நானே பிழை விட்டிருக்கிறன். உடம்பு முழுக்க மீன் செதில் மாதிரிக் கறுப்புக் கீறல், சொண்டு நீட்டு எண்டா அது ஸ்கேலி த்ரஷ். சிட்டை விடக் கொஞ்சம்தான் பெரிசு, வெளிறின கால், வாலை ஆட்டி ஆட்டித் துள்ளுது எண்டா குளிர் காலத்தில இமயமலையில இருந்து வாற இந்தியன் ப்ளூ ராபினின்ர பெண், அது ஐப்பசியில இருந்து சித்திரை வரைக்கும்தான் நிக்கும். சொண்டில மஞ்சள் இருந்தா பெண் பிளாக்பேர்ட், மேல சொன்னன். கீறல் ஒண்டும் இல்லாத வெறும் மண்ணிறம், கறுப்புச் சொண்டு, கறுப்புக் கால், பக்கத்தில தண்ணி எண்டா உங்கட பக்கம் நியாயம் இருக்கு.

எங்கட ஆறுமணிக்குருவியும் இதுவும் ஒண்டோ? அதுவும் விடியவும் பின்னேரமும்தானே கத்துது.

நேரம் ஒண்டு, குருவி வேற. ஆறுமணிக்குருவி இந்தியாவில இருந்து புரட்டாசி ஐப்பசியில வாற பிட்டா, பச்சை, நீலம், சிவப்பு, மஞ்சள் எண்டு ஒரு பெயின்ற் கடையே மேல கிடக்கும், வால் கட்டை. எங்கட ஊருக்கும் வரும். வந்திறங்கேக்க களைச்சுப்போய் யன்னல் கண்ணாடியில அடிபட்டு விறாந்தையில கிடக்கிறதைக் கனபேர் கண்டிருப்பியள். அப்பிடிக் கண்டா தண்ணியைப் பருக்காமல், ஒரு காட்போட் பெட்டியில ஓட்டை போட்டு இருட்டில வச்சிட்டு, தெளிஞ்சாப் பிறகு விடுங்கோ.

சத்தத்தைக் கேட்டுக் குருவியின்ர பேர் சொல்லுற மெர்லின் ஆப் 'விசிலிங் த்ரஷ்' எண்டு காட்டினது. நம்பலாமோ?

ஆப் ஒரு கூட்டாளி மாதிரி, சொல்லுறதைக் கேக்கலாம், சத்தியமா எடுக்கேலாது. ஓடை இரைச்சல், காத்து, பூச்சி எல்லாம் சேர்ந்து போன் மைக்குக்குப் போகும், கூர்மையான எந்தச் சத்தத்தையும் அது வேற ஒண்டாக் காட்டலாம். ஆப் சொன்ன உடன அந்தத் திசையை நீங்கள் பாருங்கோ, அதுக்குத்தான் அது. ஒருத்தர் காட்டின பதிவைத் திருப்பிப் போட்டுக் கேட்டா, உண்மையாவே ஒரு வானின்ர பிரேக்.

எனக்கு நல்லாக் கேட்டுது, பக்கத்தில நிண்ட அப்பாவுக்குக் கேக்கவே இல்லை எண்டுறார். பொய் சொல்லுறாரோ?

பாவம், பொய் இல்லை. வயசு போகப் போக முதல்ல குறையிறது கூர்மையான சத்தம் கேக்கிற சக்திதான், கதைக்கிறது எல்லாம் வடிவாக் கேக்கும், இது கேக்காது. அறுபது தாண்டினவையோட போனா ஒரு இளம் காது பக்கத்தில நிக்கட்டும், கேட்ட உடன கையால திசையைக் காட்டினாக் காணும். பார்வையில பெரியாக்கள் எங்களை விடக் கெட்டிக்காரர், ஏனெண்டா அவைக்கு அசையாம நிக்கத் தெரியும்.

படம் எடுக்க ஏலுமோ?

ஏலும், ஆனா வடிவா வராது. இருட்டு, குருவி கறுப்பு, பின்னணியும் கறுப்பு. கமராவை எங்கயாவது சாத்திப்போட்டு, ஐஎஸ்ஓ 3200க்கு மேல ஏத்தி, செக்கனில அறுபதில ஒரு பங்கு வேகத்தில, அது அசையாம நிக்கிற நேரம் பாத்துத் தொடர்ந்து அடியுங்கோ. பிளாஷ் வேண்டாம், கூட்டுக்குக் கிட்டப் போகவே வேண்டாம். கூடு பாசியால கட்டின கிண்ணம் மாதிரி, தண்ணிக்குப் பக்கத்துக் கல் இடுக்கிலயும் மரக் கவரிலயும் இருக்கும், கண்டா ஆருக்கும் இடம் சொல்லாமல் விலகி வாங்கோ.

எனக்கு அனுப்புறதெண்டா படத்தோட இடம், நேரம், தண்ணி பக்கத்தில இருந்துதோ, சத்தம் கேட்டதோ எண்டதையும் எழுதுங்கோ. வெறும் கறுப்புப் படத்தை அனுப்பி "இது என்ன?" எண்டா "இருட்டு" எண்டுதான் சொல்லுவன்.

சின்னப் பிள்ளையளோட போறம். அதுகள் நாலு மணிக்கு எழும்பாதுகள், வாய் மூடி நிக்காதுகள்.

அப்ப அவையை இதுக்கு இழுக்காதேங்கோ. நுவரெலியா டவுனுக்குள்ளயே விக்டோரியா பூங்கா இருக்கு, பின்னேரம் நாலு மணி போலப் போங்கோ. பின்பக்கத்து ஓடைக்கரையில குளிர் காலத்தில ஆறுமணிக்குருவி, பைட் த்ரஷ், காஷ்மீர் ஈபிடிப்பான் எல்லாம் நிக்கும், உலகத்தில எங்கெங்கயோ இருந்து ஆக்கள் அதைப் பாக்க வருவினம். பிள்ளையள் ஓடித் திரியலாம், நீங்களும் பாக்கலாம். ஹக்கல பூங்காவும் நல்லது. அரெங்கா பூலுக்கு வீட்டில ஒருத்தர் விடியப் போயிட்டு ஒன்பது மணிக்குத் திரும்பி வரட்டும்.

ரெண்டு தரம் போட்டன், சொன்னது எல்லாம் செய்தன், காணேல்ல. என்ன பிழை?

சொன்னது எல்லாம் செய்தன் எண்டு சொன்ன ஒருத்தரோட ஒருக்காக் கூடப் போனன். ஆறு மணிக்கு நிண்டவர், சரி. ஆறு பத்துக்குப் போன் வந்தது, எடுத்தார். ஆறு இருவதுக்கு ஜக்கெற் பையில இருந்து மிக்ஸர் எடுத்தார். ஆறு முப்பதுக்கு "இனி வராது" எண்டு நடக்கத் தொடங்கினார், அவர் நடந்து கொஞ்ச நேரத்தில விசில் கேட்டுது. சாப்பிடுறதும் நடக்கிறதும் ஏழு மணிக்குப் பிறகு.

அப்பிடி ஒண்டும் செய்யாமலும் காணாட்டி, பிழை ஒண்டும் இல்லை. ஓடைத்துண்டு முழுக்க அதுக்குச் சொந்தம், உங்களுக்கு முன்னால இருக்கிற பத்து யார்லதான் வந்து நிக்கோணும் எண்டு ஒரு சட்டமும் இல்லை. விடியப் பிழைச்சா அண்டைக்குப் பின்னேரமே திருப்பிப் போங்கோ, பூங்கா மூடுற நேரத்தை மட்டும் வாசல்ல கேட்டுக்கொள்ளுங்கோ.

சத்தம் மட்டும் கேட்டனான், காணேல்ல. கண்ட கணக்கில எழுதலாமோ?

பட்டியல் உங்கட, பேனையும் உங்கட. சத்தத்தை நிச்சயமாத் தெரிஞ்சா 'கேட்டது' எண்டு எழுதுங்கோ, குருவிப் பட்டியல் பதியிற ஈபேர்ட் தளமும் அதை ஏற்கும். என்ர கொப்பியில மூண்டு 'கேட்டது', பிறகுதான் ஒரு 'கண்டது', அதுக்குப் பக்கத்தில அந்தத் தேத்தண்ணிக் கறை இன்னும் இருக்கு. எங்கட வான் தம்பியிட்ட இதைக் கேட்டன். அவன் சிரிச்சிட்டு "எங்க லயத்துக்குப் பின்னால ஓடைல தினம் கத்தும் சார், நாங்க யாரும் எழுதி வக்கிறதில்ல" எண்டான். அடுத்த மாசி அவன்ர லயத்தடியிலதான் போய் நிக்கப் போறன்.